சிங்கப்பூருக்கு ஒரு தாம்பாளத் தட்டு

இலுப்பூரில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் திருச்சிதான். அதுவும் உரக் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு மத்தியானம் பிரியாணி போட்டால் மட்டும். அப்பேர்ப்பட்ட நான் போன மாதம் சிங்கப்பூர் போய் வந்தேன். வேலை தேடிப் போகவில்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் போகவில்லை. வெற்றிலை பாக்கு வைக்கப் போனேன்.

தப்பு என்னுடையதுதான். மகளுக்குக் காது குத்தத் தேதி குறித்ததும் பத்திரிகை அடித்தேன். அடித்த சூட்டோடு, பெரிய புத்திசாலி என்ற நினைப்பில், அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் தட்டிவிட்டேன். அந்த எல்லாருக்குள் என் மனைவியின் தம்பி அடைக்கலமும் இருந்தான். அவன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அந்தத் தாய்மாமனை அவன் வாசலுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து அழைக்க வேண்டும். தட்டைக் கையில் வாங்கினால் வருகிறான் என்று அர்த்தம். நான் அவனுக்கு அனுப்பியதோ, பால்காரருக்கும் பஞ்சர் கடைக்காரருக்கும் அனுப்பிய அதே படம்.

நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

“தாய்மாமனை வாட்ஸ்அப்புலயா கூப்புடுவாங்க? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் என் தம்பிக்கு இப்படித்தான் சொல்லி விடுவீங்களா?” என்று கேட்டாள் என் மனைவி தமிழரசி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் போன பிறகு பிறந்தவள் என் மகள். மாமன் என்றால் செல்போனுக்குள் இருக்கிற ஆள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு தடவையாவது அவன் நேரில் வந்து அவளை மடியில் வைக்க வேண்டும் என்பது தமிழரசியின் பிடிவாதம்.

எனக்கும் அதே பிடிவாதம்தான், காரணம் மட்டும் வேறு. தாய்மாமன் வந்தால் சீர் வரும். போன வருஷம் என் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு அவன் மச்சினன் துபாயிலிருந்து வந்து, தட்டுத் தட்டாக மினி லாரியில் ஏற்றி, முன்னால் டிரம் செட் ஆட, ஊரைச் சுற்றிக் கொண்டு வந்து இறக்கினான். அன்றைக்கு நான் சாப்பிட்ட கறிசோறு எனக்கு இறங்கவே இல்லை. என் வீட்டுக்கு என்று வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். இந்த வருஷம் டிரம் செட்டுக்கு முன்பணம் நானே கொடுத்து வைத்துவிட்டேன். கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் ‘சிங்கப்பூர் மாமன் சீர்’ என்று பேசியும் வைத்துவிட்டேன். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் ஒருமனதாக முடிவு செய்து, நான் தட்டோடு விமானம் ஏறினேன்.

திருச்சி விமான நிலையத்திலேயே தேங்காய் போனது. கைப்பையில் தேங்காய் கொண்டுபோகக் கூடாதாம். “இது மாமனை அழைக்கிற தேங்காய் சார்” என்றேன். அந்த அதிகாரி, “மாமனை அங்க போயி தேங்காய் வாங்கி அழைங்க சார்” என்றார். தாம்பாளத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

விமானம் முழுக்க நம் ஊர்ப் பையன்கள். என் பக்கத்து சீட்டில் அன்னவாசல்காரர் ஒருவர், லீவு முடிந்து திரும்புகிறவர். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “விராலிமலைப் பக்கம் இப்ப கம்பெனி கம்பெனியா வந்துருக்கே. அங்க ஒரு வேலையப் பாத்துக்கிட்டு பிள்ளைகுட்டியோட இருக்கலாமே” என்று உபதேசத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க எதுக்கு சார் போறீங்க?” என்றார். சீர் வாங்க என்று சொல்ல முடியுமா? சொந்தக்காரரைப் பார்க்க என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை, நம் ஆட்கள் கூடுகிற தேக்கா கடைவீதிப் பக்கம் ஒரு அறையில் தங்கினேன். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோன வெற்றிலை அவித்த கீரை மாதிரி ஆகியிருந்தது. புதுசாக வாங்கலாம் என்று இறங்கினால், பூக்கடையில் இல்லாத வெற்றிலை இல்லை. நம் ஊர்ச் சந்தையில்கூட இவ்வளவு பசுமையாகக் கிடைக்காது. கடைக்கார அம்மா தமிழில்தான் பேசினார்.

“என்ன விசேஷம்?”

“காதுகுத்துங்க.”

“எந்தக் கோயில்ல?”

“இங்க இல்லைங்க, இலுப்பூர்ல.”

“அப்ப வெத்தலை இங்க எதுக்கு வாங்குறீங்க?”

“மாமன் இங்கதான் இருக்காரு.”

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கேட்காமலே ரெண்டு மஞ்சள் கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தார்.

மத்தியானம் ஒரு கடையில் டீ சொன்னேன். பால்கோவாவைக் கரைத்துக் கொடுத்த மாதிரி ஒன்று வந்தது. சர்க்கரை வேண்டாம் என்று இன்னொன்று சொன்னேன். அதுவும் அதே இனிப்பில் வந்தது. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முட்டை பரோட்டா மட்டும் நம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குக் கிட்ட வந்தது. சால்னா கிட்டவே வரவில்லை. இதை யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவாக இருக்கும், அவனே தேக்காவுக்கு வருவான் என்று நினைத்தேன். அவனுக்கு ஞாயிறும் ஓவர்டைம். சாயங்காலம்தான் தங்குமிடத்துக்குத் திரும்புவேன் என்று தகவல் அனுப்பினான். அதுவும் நல்லதுக்குத்தான், வாசலுக்குப் போய் அழைப்பதுதானே முறை என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு தட்டோடு கிளம்பினேன். ரயிலில் ஏறியதும், உட்கார்ந்திருந்த ஒரு சீனத்துப் பாட்டியம்மா என் தட்டைப் பார்த்தார், கும்பிட்டார், எழுந்து இடம் கொடுத்தார். சாமிக்குக் கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நான் உட்காரப் போனதும் தலையை ஆட்டி, தட்டைக் காட்டினார். தட்டை சீட்டில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே போனேன்.

அடைக்கலம் தங்கியிருக்கும் இடம் தீவின் ஓரத்தில் இருந்தது. வரிசை வரிசையாக மாடிக் கட்டடங்கள், பால்கனி எல்லாம் காயப்போட்ட சட்டை. கேட்டில் இரும்புச் சுழல் கதவு, பக்கத்தில் காவலாளி. அவரும் தமிழர்தான், மலேசியாக்காரர். “விசிட்டர் உள்ள போக முடியாதுங்க” என்றார்.

“நான் உள்ள போக வேணாம். வாசல்ல நின்னு அழைச்சாப் போதும். அவரு வீட்டு வாசல் எதுங்க?”

காவலாளி என் தட்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பின்னால் இருக்கிற கட்டடங்களைப் பார்த்தார். கடைசியில் சுழல் கதவைக் கையால் தட்டி, “இதுதான்” என்றார்.

அடைக்கலம் குளிக்கிறான் என்று சொல்ல ஒரு ஆள் வந்தான். அடைக்கலத்தின் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுக்கிறவன், பெயர் சுபோல், வங்காளதேசத்துக்காரன். வேலை இடத்தில் கற்ற தமிழ் என்பதால் அவன் தமிழ் முழுக்கக் கட்டளையாக இருந்தது. “உக்காரு அண்ணா. ஜாக்கிரதை. தட்டு இறக்கு” என்றான். எதற்கு இந்தத் தட்டு என்று கேட்டான். கையாலும் வாயாலும் விளக்கினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

அவர்கள் ஊரிலும் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது தாய்மாமன்தானாம். அவனுடைய அக்கா மகனுக்குச் சோறு ஊட்டும் நாளில் இவன் இங்கே இருந்தான். “நான் கேட்டரிங் சோறு ஸ்பூன்ல எடுத்து செல்போன் கிட்ட வச்சேன். அங்க என் அப்பா நிஜ சோறு ஊட்டினாரு” என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அடைக்கலம் வந்தான். ஆள் இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். “வாங்க மச்சான், அக்கா நல்லாருக்கா? பாப்பா நல்லாருக்கா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் சுழல் கதவுக்கு முன்னால் நேராக நின்று, தட்டை ரெண்டு கையாலும் நீட்டி, “மாப்ள, மகளுக்குக் காது குத்துறோம். நீ வந்து மடியில வச்சுக்கணும்” என்று முறைப்படி சொன்னேன். காவலாளிகூட எழுந்து நின்றார்.

அடைக்கலம் தட்டைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நீங்க எதை அழைக்க வந்தீங்க மச்சான்? என்னையா, சீரையா?”

“என்னடா கேள்வி இது? ரெண்டையும்தான்.”

“ரெண்டும் வராது.”

கேட்டுக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்தோம். நான், அவன், சுபோல், நடுவில் தட்டு. அவன் கோபமாகப் பேசவில்லை. நிதானமாகச் சொன்னான். சீருக்காகத்தான் மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறான். ஊருக்கு வந்தால் லீவுக்குச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் வேறு. சேர்த்ததெல்லாம் அதற்கே போய்விடும். வராமல் இருந்தால் சீர் நல்லபடியாக வந்து இறங்கும்.

“நம்ம ஊர்ல வேலை இல்லாமயா இங்க வந்தோம்? அங்க கம்பெனில வேலைக்குச் சேந்தா சோறு திங்கலாம், வீட்டு வாடகை கட்டலாம். ஆனா நாலு பேரு கூடுற இடத்துல தலை நிமிந்து நிக்க முடியாது மச்சான். ஊருச் சம்பளம் சோத்துக்கு. சிங்கப்பூர்ச் சம்பளம் சபைக்கு. அக்கா கல்யாணத்துக்கு நீங்க ஒண்ணும் கேக்கல, நாங்கதான் செஞ்சோம். ஊர்ல எங்க வீட்டைக் கட்டினதும் யாரும் கேட்டுக் கட்டல. பக்கத்து வீட்டுக்காரன் கட்டினான், நானும் கட்டினேன். இப்ப இது. சொல்லுங்க, நான் வரணுமா, சீரு வரணுமா?”

நீ வந்தால் போதும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்தவன் சொல்லியிருப்பான். எனக்கோ அந்த நேரத்தில் கண் முன்னால் மகளும் வரவில்லை, மனைவியும் வரவில்லை. மினி லாரிதான் வந்தது. பங்காளி வாசலில் நின்று பார்க்கிற மாதிரி வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

உரம் விற்கிற மூளை ஒரு யோசனை சொன்னது. “இங்க பாரு மாப்ள. நீ ஆளா வந்துரு. சீரை நானே வாங்கி, ஒன் பேரைச் சொல்லி எறக்கிர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?”

அவன் சிரித்தான். “அவ்வளவு சீரு செய்யணும்னா நீங்க சிங்கப்பூர் வேலைக்கு வரணும் மச்சான். கட்டில் காலியா இருக்கு, சொல்லவா?”

சுபோலுக்கு இது எப்படிப் புரிந்ததோ, புல்லில் படுத்துச் சிரித்தான். எனக்கு மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு பழியைத் தூக்கி வேறு ஆள் தலையில் போடுவோம் என்று செல்போனை எடுத்துத் தமிழரசியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “ஒன் தம்பி கேக்குறான். ஆளு வரணுமா, சீரு வரணுமா? நீயே சொல்லு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எங்கள் வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள். இப்போது மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நாங்கள் மூன்று பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“லைன் கட்டாயிருச்சு போல மச்சான்” என்றான் அடைக்கலம்.

லைன் கட்டாகவில்லை. திரையில் நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது. அவன் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, “யோசிச்சுச் சொல்லுங்க. செவ்வாக்கிழமைதான போறீங்க?” என்று சொல்லிவிட்டு சுழல் கதவுக்குள் போனான். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். இந்தத் தடவை யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் சுற்றினேன். எல்லாரும் படம் எடுக்கிற இடத்தில் நானும் படம் எடுத்தேன். உயரமான கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எந்த மாடி நம் ஆளுடையது என்று யோசனை ஓடியது. மதியம் ரோட்டோரம் ஒரு வேலை இடத்தில் பையன்கள் மரநிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். காலையில் இருட்டோடு வந்து இறங்கிய சோறாம். ஒருத்தன் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தான். இன்னொருத்தன் அதை வாங்கித் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டான். இந்தச் சோற்றில்தான் என் மினி லாரி ஓட வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் தமிழரசி கூப்பிட்டாள்.

“நேத்து நான் ஏன் பேசலன்னு கேக்காதீங்க.”

“கேக்கல.”

“அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிட்டேன். சீரு இப்படி வருது, அப்படி வருதுன்னு. நீங்க கேட்டதும் எனக்கு அவன் மொகம் ஞாபகம் வரலைங்க. சொன்ன வீடுங்கதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. நான் என்ன அக்கா?”

“எனக்கு லாரி ஞாபகம் வந்துச்சு” என்றேன்.

அவள் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, கடைக்கணக்கு முடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கு அவளே போய்ச் சொல்லிக்கொள்வாள். மண்டபம் வேண்டாம், பந்தல் வேண்டாம். விராலிமலைக் கோயிலில் வைத்துக் குத்திக்கொள்ளலாம். தம்பி வந்தாக வேண்டும். டிரம் செட்டுக்காரனிடம் மட்டும் நான் பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கூத்து என் கூத்து.

பேசினேன். சிங்கப்பூர் நடைபாதையில் நின்று இலுப்பூர் டிரம் செட்டோடு மல்லுக்கட்டினேன். “அட்வான்ஸ் திரும்ப வராதுண்ணே” என்றான். “பரவாயில்ல” என்றேன். என் வாழ்நாளில் வியாபாரத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவனே பயந்துபோய், “வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களாண்ணே?” என்று விசாரித்தான்.

இதை அடைக்கலத்திடம் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தடவை பட்டது போதும், தட்டோடு நேரில் போய்த்தான் சொல்வது என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவன் லாரியில் வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழி தெரிந்தவன் போல, வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, நான் போக வேண்டியது அங்கிட்டு, பஸ் போவது இங்கிட்டு. இறங்கி, டாக்சி பிடித்து, அந்தக் கேட்டுக்கு வந்து இறங்கினால், அடைக்கலத்தின் லாரி வெளியே வந்து மெயின் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஓடினேன். தொப்பையும் வேட்டியுமாக, ஒரு கையில் வேட்டி முனை, ஒரு கையில் தாம்பாளம். “மாப்ள!” என்று கத்திக்கொண்டு சிங்கப்பூர் ரோட்டில் ஓடினேன். நல்லவேளை, சிக்னலில் சிவப்பு விழுந்தது. லாரி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுபோல் முதலில் அடையாளம் கண்டு அடைக்கலத்தை இடித்தான்.

“ஆளு வா மாப்ள. சீரு வேணாம்” என்றேன். மூச்சு வாங்கியது.

சீர் வேண்டாம் என்றால் அவன் சந்தோஷப்படுவான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் முகம் வாடித்தான் போனது.

“வெறுங்கையோட வந்து சபையில எப்படி மச்சான் உக்காருவேன்?” என்றான்.

அவனுக்கும் அந்த நோய் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் விட்டாலும் அவன் விட மாட்டான்.

“சபையே இல்லடா. மண்டபம் இல்ல, டிரம் செட்டு இல்ல. விராலிமலைக் கோயிலு. நீ, நான், ஒங்க அக்கா, பாப்பா. அவ்வளவுதான். நீ மடியை மட்டும் கொண்டா.”

“பத்திரிகை அடிச்சிட்டீங்களே?”

“ஒங்க அக்கா வீடு வீடாப் போயி வர வேணாம்னு சொல்லிக்கிட்டு இருக்கா.”

“அக்காவா?”

“ஒங்க அக்காதான்.”

சிக்னல் பச்சைக்கு மாறியது. லாரி ஒரு உதறு உதறிக் கிளம்பியது. நான் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன். அடைக்கலம் பின்கதவுக்கு மேல் குனிந்தான். சுபோல் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ரெண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான் என் மாப்பிள்ளை.

வாழைப்பழச் சீப்பு மட்டும் சரிந்து ரோட்டில் விழுந்தது. குப்பை போட்டால் இங்கே அபராதம் என்று ஞாபகம் வந்து, ஓடிப்போய் அதைப் பொறுக்கிக்கொண்டு நடைபாதையில் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டே அழுதேன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் நசுங்கிய பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு டிஷ்யூ பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, பரவாயில்லை, வேறு பழம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.